மச்சான் போட்டிருப்பான்

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்கும் முதல் கேள்வி, "எர்த் எங்கே இருக்கு?" என்பதுதான். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற கம்பியைத்தான் கேட்கிறார் என்று, பாவம், ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு என்ன தெரியும்? "பின்னாடி தோட்டத்துல நிறைய இருக்கு தம்பி, எத்தனை கூடை வேணும்?" என்று கேட்டுவிட்டார். கூட வேலைக்குப் போனவர்கள் சும்மா இருப்பார்களா? கதை ஊர் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து அவர் எர்த் அண்ணன் ஆனார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் குடியிருக்கும் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள்.

பேனல் கட்டுவது அவருடைய தொழில். தொழிற்சாலையிலும் ஆஸ்பத்திரியிலும் மின்சாரம் மொத்தமாக வந்து இறங்கிக் கிளை கிளையாகப் பிரிகிற இடத்தில், சுவரோடு ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி நிற்குமே, அதுதான் பேனல். அவர் கட்டியதைத் திறந்து பார்த்தால் ஒரு ஒயர்கூட இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்காது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு திருகையும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்ப்பார். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி இறுக்கிப் பார்த்ததும் உண்டு. "பயப்படுறவனை நம்பித்தான் கரண்டைக் குடுக்கணும்" என்பார். "அப்போ இவனை நம்பி அணைக்கட்டையே எழுதி வைக்கலாம்" என்பார் அவருடைய நண்பர்.

அந்த நண்பருக்குப் பட்டப்பெயர் காயில். டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றுகிறவர். கை சுற்றுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். பழகிய நாளிலிருந்தே இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே வேலையில் சேர்ந்தால், டிரான்ஸ்பார்மர் வரைக்கும் காயில், அதற்குப் பிறகு எர்த் அண்ணன். இருவருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா.

டப்பாவை நிரப்பி அனுப்புவது எர்த் அண்ணனின் தங்கை. அவளை அவர் பாப்பா என்பார். அவளுக்கு நாற்பது வயதானபோதும் பாப்பாதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் அப்போதுதான் மீசை அரும்பிய பையன், அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற சிறுமி. ஒரு அறையும் சமையலறையுமாக ஒரு வீடு எடுத்து, அவளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். தனக்கென்று ஒரு கல்யாணம் என்ற பேச்சு வரும்போதெல்லாம், "பாப்பாவுக்கு முதல்ல ஆகட்டும்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே வராமல் நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காயில் அந்த வீட்டுக்கு வந்தார். அன்று அதிசயமாக வாயே திறக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தி, "சத்தம் வருது" என்று சொல்லி, வராத சத்தத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறித் திருகை இறுக்கினார். இறங்காமல் மேலேயே நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஏன் மச்சான், இத்தனை வருஷமா நாம சும்மாவே மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கறோமே."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதை உண்மையாக்கிட்டா என்ன?"

எர்த் அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே இருந்தவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

கல்யாணம் நடந்தது. பக்கத்துத் தெருவிலேயே வீடு. பல வருடங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு நாள், காயில் வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயம், எர்த் அண்ணன் தங்கை வீட்டில் பல்பு மாற்றப் போனார். போன இடத்தில் குளியலறை ஹீட்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். பச்சை ஒயர் இல்லை. அதாவது, ஹீட்டரின் உடம்பில் கரண்ட் ஏறினால் மண்ணுக்குப் போக வழியில்லை. அந்த வீட்டு ஒயரிங் முழுக்கக் காயில் தன் கையால் செய்தது.

ஹீட்டருக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். அவரோ எல்லா சுவிட்ச் போர்டுகளையும் கழற்றினார். பின்பக்கம் குழி தோண்டிப் புதிய எர்த் போட்டார். வீடு முழுக்கப் பச்சை ஒயர் ஓட்டினார். அதோடு விட்டாரா? வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துக்காரர்களிடம், "இதெல்லாம் ஒரு வேலையா? ஆளைக் கொல்ற வேலை" என்றும் சொல்லிவிட்டார்.

காயில் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது, தான் பார்த்துப் பார்த்து இழுத்த ஒயரெல்லாம் வாசலில் குவியலாகக் கிடந்தது.

"நான் உயிரோடதானே இருக்கேன்? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"ஹீட்டருக்கு எர்த் இல்ல."

"இல்லதான். தப்புதான். அதை எங்கிட்ட சொல்லணும். தெருவுக்குச் சொல்லக் கூடாது."

அது சரிதான் என்று எர்த் அண்ணனுக்கு அப்போதே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல் கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அதன் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறவு முறியவில்லை, எர்த் அண்ணன் தங்கையைப் பார்க்க வருவார், மச்சான் இருந்தாலும் அதே அறையில்தான் உட்காருவார். பேச்சு மட்டும் சுற்றி வளைத்துப் போகும்.

"பாப்பா, உன் புருஷன்கிட்ட சொல்லு, மாவு மில்லுக்காரங்க தேடினாங்களாம்."

"ஏம்மா, உங்க அண்ணன்கிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு."

"ரெண்டு பேரும் ஒரே பாய்ல உக்காந்துகிட்டு என் உயிரை எடுக்காதீங்க" என்று அவள் எழுந்து போய்விடுவாள். மச்சான் என்ற சொல்லை இருவருமே எங்கோ வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

பாப்பா ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதிகளின் துண்டுகளும் மலை மலையாக வந்து இறங்கும் இடம். ஈரமும் நீராவியும் எப்போதும் தரையோடு தவழும். அதை நடத்திய முதலாளியம்மா, எங்கோ மூடிவிட்ட ஒரு ஆலையிலிருந்து பழைய மெஷின்களை வாங்கிப் போட்டார். அவற்றுக்கு வேண்டிய வோல்ட்டேஜ் வேறு. எனவே நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மரும், அதிலிருந்து மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு பேனலும் தேவைப்பட்டன. முதலாளியம்மாவுக்கு யோசனையே இல்லை. "உன் வீட்டுக்காரர் ஒண்ணு, உன் அண்ணன் ஒண்ணு. வெளி ஆள் எதுக்கு?" என்றார். பாப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை துளிர்த்தது. ஒரே இடத்தில் வேலை செய்தால் பேசித்தானே ஆக வேண்டும்?

அவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் வராத நாளில் மற்றவர் வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டால், அதற்கு இந்தப் பக்கம் புதிதாக ஒரு மின்சாரம் பிறக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பி வருகிற ஒயரை, எர்த்தோடு ஒரு கனமான செம்புப் பட்டையால் புதிதாக இணைக்க வேண்டும். அந்த இடத்திலிருந்தே மண்ணுக்கும் ஒரு கம்பி போக வேண்டும். ஏதாவது ஒரு மெஷினில் ஒயர் நைந்து இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால், அது பச்சை ஒயர் வழியாகவும் அந்தப் பட்டை வழியாகவும் டிரான்ஸ்பார்மருக்கே பாய்ந்து திரும்பும். பாய்கிற வேகத்தில் பிரேக்கர் விழுந்து எல்லாம் அணைந்துவிடும். பட்டை இல்லையென்றால் திரும்ப வழியில்லை, பிரேக்கரும் விழாது, கரண்ட் மெஷின் உடம்பிலேயே தங்கிவிடும். பட்டையை டிரான்ஸ்பார்மருக்குள்ளும் போடலாம், முதல் பேனலுக்குள்ளும் போடலாம். ஆனால் இரண்டில் ஒரு இடத்தில்தான் போட வேண்டும். இரண்டிலும் போட்டால் சாதாரண ஓட்டமே பச்சை ஒயருக்குள் புகுந்து மெஷின் உடம்பெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும்.

பேசிக்கொண்டிருந்த காலத்தில், "பட்டை உன் பக்கமா, என் பக்கமா?" என்ற ஒரு கேள்வியில் அது முடிந்துவிடும்.

காயில் டிரான்ஸ்பார்மரை இறக்கி, மட்டம் பார்த்து, கேபிளை எல்லாம் கட்டி மூடியைப் பூட்டிவிட்டுப் போனார். எர்த் அண்ணன் வந்து பேனலைக் கட்டினார். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் பச்சை ஒயர் பேனலின் எர்த் பட்டிக்கு ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு நியூட்ரல் ஒயர்கள் சேர்கிற பட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு வெகுநேரம் யோசித்தார். டிரான்ஸ்பார்மரின் மூடி நான்கு திருகுதான். திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், பட்டை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கையில் ஸ்பானரும் இருந்தது. ஆனால் வாசலில் குவிந்து கிடந்த அந்த ஒயர்க் குவியல் அவர் கண் முன்னால் வந்தது. மச்சான் பூட்டிய மூடியை மறுபடியும் அவன் இல்லாத நேரத்தில் திறப்பதா?

'மச்சான் போட்டிருப்பான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஸ்பானரைப் பையில் போட்டார்.

மின்சாரம் கொடுத்த பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம், பட்டை இல்லையென்றால் அதில் தெரிந்துவிடும். ஆனால் மறுநாள் வந்து மின்சாரம் கொடுக்கப் போகிறவர் காயில். அவர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று முந்தின நாளே வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார். காயில் வந்து சுவிட்சைப் போட்டார். வோல்ட்டேஜ் சரியாக இருந்தது, மெஷின்கள் சுழன்றன, முதலாளியம்மா கை தட்டினார்.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலை, இஸ்திரி மெஷினில் கை வைத்த பெண்கள், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார்கள். சாயங்காலம் அண்ணனிடம் சொல்லலாம் என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். மெஷினுக்குள் ஒரு ஹீட்டர் ஒயர் நைந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. சுவரோரம் தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு மின்சார வால்வின் நியூட்ரல் ஒயரும் ஈரத்தில் ஊறித் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் யாருக்கும் தெரியாது. பிரேக்கர் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. பாப்பா ஒரு கையை மெஷின் மேல் ஊன்றிக்கொண்டு, துணி நனைக்க மறு கையால் குழாயைத் திறந்தாள். திரும்ப வழியில்லாமல் நின்ற கரண்டுக்கு அவள் உடம்பே வழியானது.

அவள் தூக்கி எறியப்பட்டதுதான் நல்லதாகப் போயிற்று, பிடி விட்டுப்போனது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. உள்ளங்கையில் தீக்காயம். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. காயில் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். எர்த் அண்ணன் ஓடிவந்து மறு முனையில் உட்கார்ந்தார். உள்ளே இருந்து செய்தி வரவில்லை.

"பிரேக்கர் விழலையாம்" என்றார் காயில், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

எர்த் அண்ணன் மெல்லத் திரும்பினார். "நீ பட்டை போடலையா?"

"என் பக்கமா? இல்ல. நீ போட்டிருப்பேன்னு..."

"நான் போடல."



"நீ ஏன் போடல?" காயிலின் குரல் உடைந்தது. "ஊரெல்லாம் எர்த் எங்கே எர்த் எங்கேன்னு கேக்கறவனாச்சே நீ. எர்த்துன்னா உன் கை பட்டாதான் உனக்கு நிம்மதின்னு உனக்காகத்தான் விட்டு வச்சேன். நான் போட்டா நீ வந்து கழட்டிட்டு உன் மாதிரி போடுவே. எதுக்கு இன்னொரு மனஸ்தாபம்னு விட்டு வச்சேன்."

"உன் மூடியைத் திறந்து பாக்கக் கை பரபரத்துச்சு மச்சான். அன்னைக்கு உன் வீட்டுல பண்ணின மாதிரி பண்ணிடக் கூடாதுன்னு விட்டுட்டேன். மச்சான் போட்டிருப்பான்னு நினைச்சேன்." அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அன்னைக்கு நான் பண்ணது தப்பு. தெருவுல வச்சுப் பேசினது ரொம்பத் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

காயில் பெஞ்சின் நடுப்பகுதிக்கு நகர்ந்து வந்து, எர்த் அண்ணனின் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து, "கண் முழிச்சிட்டாங்க, போய்ப் பாருங்க" என்று சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை.

பாப்பா கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தாள். இருவரும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன, பேசிக்கிட்டீங்களா?"

"பேசிட்டோம்" என்றார் அண்ணன்.

"அப்போ ஒரு கையோட போச்சு."

சிரிக்கத்தான் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"எனக்கு ஆனதுகூடப் பரவாயில்ல. அங்க என்னோட நிக்கிறவங்க எல்லாம் யாரு? அவங்க யாராவது அந்தக் குழாயைத் தொட்டிருந்தா, அவங்க வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க? நாங்க ரெண்டு பேரும் பேசறதில்லைன்னா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் திரும்பவில்லை. அவர்கள் இருவரும் அங்கேயே நின்றார்கள், உட்காரச் சொல்ல ஆள் இல்லாததால்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் இருவரும் சேர்ந்தே போய், தவறு தங்களுடையது என்றார்கள். அவர் நன்றாகத் திட்டினார். ஒரு மூச்சு திட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினார். மெஷின்களைப் பூட்டிப்போட்டார். "சரி பண்ணிட்டு, வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து சோதிச்சுக் காட்டுங்க. அப்புறம்தான் எங்க பொண்ணுங்க கை வைப்பாங்க" என்றார். அதுதான் நியாயம் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

மின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். நைந்த ஒயரையும் வால்வையும் மாற்றினார்கள். பிறகு பட்டை.

"உன் பக்கமே போடு மச்சான்" என்றார் காயில்.

"இல்ல, உன் பக்கம் போடு. மண்ணுக்குப் போற கம்பி உன் பக்கம்தான் கிட்ட இருக்கு."

"என்னமோ நீ எனக்கு விட்டுக் குடுக்கறியே."

"விட்டுக் குடுக்கல. தூரத்தை அளந்துதான் சொல்றேன்."

காயில் மூடியைத் திறந்து, செம்புப் பட்டையை வைத்துப் போல்ட்டை முறுக்கினார். எர்த் அண்ணன் டார்ச் பிடித்தார். முறுக்கி முடித்ததும் காயிலே ஸ்பானரை அவர் பக்கம் நீட்டினார். "ம், இறுக்கிப் பாரு. இல்லைன்னா உனக்கு இன்னைக்குச் சாப்பாடு இறங்காது." அவர் இறுக்கிப் பார்த்தார். துளிகூட அசையவில்லை. சோதிக்க வந்த ஆள் எல்லா இடத்திலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே மெஷின் உடம்பில் கரண்ட் ஏறும்படி ஒரு தவறான இணைப்பைச் செய்து, தள்ளி நின்று சுவிட்சைப் போட்டார். போட்ட அதே நொடியில் 'டப்' என்று பிரேக்கர் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எர்த் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது. ஒயர் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

மணிக்கட்டு கூடும்வரை பாப்பா வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. இருவரிடமும் வேண்டிய அளவுக்குத்தான் பேசினாள். காலையில் தலைவாரும் பொறுப்பைக் காயில் ஏற்றார். கம்பி சுற்றுகிற கைக்குப் பின்னல் மட்டும் வரவில்லை. ஒருநாள் எர்த் அண்ணன் வந்தபோது அவள் தலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"நகரு மச்சான்" என்று சீப்பை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடக் காலத்தில் தினமும் அவர்தான் பின்னிவிட்டு அனுப்புவார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் கை தானாக மூன்று பிரிவாகப் பிரித்தது. நரை கலந்திருந்த முடியைப் பார்த்து ஒரு நொடி நின்றார், பிறகு பின்னினார்.

"இழுக்காதண்ணா, வலிக்குது" என்றாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவள் அவரைப் பார்த்து அண்ணா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பிடியைத் தளர்த்தினார். காயில் அருகில் உட்கார்ந்து, கற்றுக்கொள்வதற்காக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று இருவரும் கூடவே போனார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னாள், கேட்கவில்லை. இஸ்திரி மெஷினுக்கு முன்னால் போனதும் அவள் கால் நின்றுவிட்டது. மற்ற பெண்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவளுக்குத்தான் கை மேலே எழவில்லை.

எர்த் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையை மெஷின் மேல் வைத்து, மறு கையால் குழாயைப் பிடித்தார். கரண்ட்டுக்கு வாழ்நாள் முழுக்கப் பயந்த மனுஷன். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. ஆனாலும் கையை எடுக்காமல் நின்றார். அதைப் பார்த்த காயிலும் செருப்பை உதறிவிட்டு வந்து பக்கத்தில் நின்று கை வைத்தார்.

"போதும் போதும், ரெண்டு பேரும் துணிக்கு வழி விடுங்க" என்றாள். கட்டுப் பிரித்த கையை மெதுவாகக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "சூடு மட்டும்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதல் விரிப்பை உதறிப் போட்டாள்.

இருவரும் இப்போதும் சேர்ந்துதான் வேலைக்குப் போகிறார்கள். காயில் பேசிக்கொண்டே வருவார். எர்த் அண்ணன் பாதியைத்தான் காதில் வாங்குவார். வேலை முடிந்து டிரான்ஸ்பார்மர் மூடியைப் பூட்டுவதற்கு முன்னால், காயில் அவரைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொல்வார். அவர் குனிந்து, டார்ச் அடித்து, நிதானமாகப் பார்ப்பார். காயில் அவசரப்படுத்த மாட்டார்.